தாய்வீடு – 14: பிள்ளை யார் கையில்?

சென்ற வாரம் சாளுக்கிய விக்கிரமாதித்தனைத் துங்கபத்திரைக் கரையில் குதிரைமேல் ஏற்றி நிறுத்திவிட்டுப் போனேன். மாமனார், சோழ மன்னன் வீரராஜேந்திரன் மாண்டான் என்ற சேதி வந்துவிட்டது. மைத்துனன் அதிராஜேந்திரனின் சிம்மாசனம் ஆட்டம் காண்கிறது. காஞ்சியில் கலகம். குதிரை எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒரு வாரமாகக் காத்திருக்கிறீர்கள்.

தெற்கே திரும்பியது.

ஆனால் அவன் காஞ்சியை அடக்கி, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோட்டை வாசலுக்கு வந்துசேரப் பல நாள் பிடிக்கும். அதற்குள் நாம் முந்திக்கொள்ளலாம். அவனுக்கு முன்னாலேயே அந்தக் கோட்டைக்குள் போய்விடலாம். அதுவும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் முன்னால்.

ஏன் என்கிறீர்களா? 1070-ல் வெடித்த இந்தச் சண்டைக்குத் திரி வைத்தது ஒரு பிரசவ அறை!

பெரம்பலூரிலிருந்து வருகிறவர்கள் அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி வாருங்கள். கோயிலைப் பார்த்ததும் இறங்கிவிடுவீர்கள், தெரியும். பெருவுடையாரை ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே தென்மேற்கே உட்கோட்டைப் பக்கம் நடையைக் கட்டுங்கள். இரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். மாளிகைமேடு. பேரரசின் அரண்மனை இருந்த இடம். இன்று செங்கல் அடித்தளமும் தகரக் கூரையும்தான். சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டியவர்கள் பல தலைமுறையாக இங்கிருந்து செங்கல் பெயர்த்துப் போனது ஊரறிந்த கதை. மிச்சத்தைத்தான் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிக்கற்கள். கூரை ஓடுகள். இரும்பு ஆணிகள். சீனத்துப் பீங்கான் சில்லுகள். உடைந்த வளையல்கள். சில வருஷம் முன்பு பொன்முலாம் பூசிய செப்புக் காப்பு ஒன்றுகூடக் கிடைத்தது.

எந்தக் கையில் கிடந்த காப்போ! நமக்கு வேண்டியது வேறொரு கை. ஒரு குழந்தையை எடுக்க நீண்ட கை.

குழந்தை யாருடையது? அம்மங்கை பெற்றது. கங்கை கொண்ட ராஜேந்திரனின் மகள், வேங்கி நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அதே அம்மங்கை. பழைய வாசகர்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கணவன் ராஜராஜ நரேந்திரன் அவளுக்கு அத்தை மகன். மாமியார் குந்தவை அப்பாவோடு பிறந்தவள். கோதாவரிக் கரையில் நன்னய்யா தெலுங்கில் பாரதம் பாடத் தொடங்கியது இந்த நரேந்திரன் சபையில்தான். வெளியே இருந்து பார்த்தால் குறையே இல்லாத வாழ்வு.

உள்ளே?

கணவனுக்கு ஒரு மாற்றாந்தாய் மகன். பெயர் விஜயாதித்தன். அண்ணன் 1022-ல் முடி சூட்டிக்கொண்ட நாள் முதல் தம்பிக்குத் தூக்கம் இல்லை. மேலைச் சாளுக்கியர் துணையோடு வேங்கியைப் பிடுங்கினான். நரேந்திரன் மீட்டான். மறுபடி பிடுங்கப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அம்மங்கையின் அப்பா தெற்கிலிருந்து படை அனுப்பவேண்டி வந்தது. கலிதிண்டிப் போரில் சோழத் தளபதிகள் மூன்று பேர் ஒரே களத்தில் மாண்டார்கள். நரேந்திரன் அவர்கள் நினைவாகச் சிவன் கோயில்கள் எழுப்பினான். அந்தக் கோயில்களுக்கு விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அம்மங்கைக்கு என்ன தோன்றியிருக்கும்? தன் தாலிக்காகப் பிறந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் மண்ணுக்குள் போனார்களே என்றுதான் தோன்றியிருக்கும்.

இப்படிப்பட்ட நாளில் பிள்ளை பிறக்கிறது. பூச நட்சத்திரம். ஆண்.

பெயர் ராஜேந்திரன். தாத்தாவின் பெயர்.

இனி வருவதற்குச் சாட்சி ஜெயங்கொண்டார். கலிங்கத்துப்பரணியில் அவதாரம் என்று ஒரு பகுதி. அதில் சில வரிகள்தான். கங்கைகொண்ட சோழனின் தேவி குழந்தையைப் பார்க்கிறாள். தலை முதல் கால் வரை ஒவ்வோர் அங்கமாகப் பார்க்கிறாள். அரசர்க்கெல்லாம் அரசனாகும் அடையாளங்கள் தெரிகின்றன. உடனே முடிவு செய்கிறாள். இவன் எங்களுக்கு மகனாகிச் சூரிய குலத்தைத் தழைக்க வைக்கத் தக்கவன் என்கிறாள்.

எங்களுக்கு மகன்!

பேரன் என்று சொல்லவில்லை. மகன் என்றாள். அந்த ஒரு சொல்லில் பிள்ளை கைமாறிவிட்டது. பெற்றவள் பக்கத்திலேயே இருக்கிறாள்.

இந்த இடத்தில் நம் சீரியல் இயக்குநர் யாராவது இருந்தால் விடுவாரா? பாட்டியின் முகம், மகளின் முகம், தொட்டில் என்று மூன்று முறை காட்டி, ஓர் இடியை இடிக்கவிட்டு, ‘தொடரும்’ போட்டிருப்பார். ‘சித்தி’ காலத்திலிருந்து இன்றைய இரவு எட்டரை மணி வரை நம் வீடுகளில் ஓடுவது இந்தக் கேள்விதானே? பெற்றவளுக்கா, வளர்ப்பவளுக்கா?

ஜெயங்கொண்டாருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அவருக்கு அவசரம். அடுத்த பாட்டில் பிள்ளைக்கு நடை பழக்கவேண்டும். பூணூல் போடவேண்டும். வேதமும் வில்லும் யானையேற்றமும் கற்றுக்கொடுக்கவேண்டும். பெற்றவளைப் பற்றி அவர் சொல்வது ஓர் உவமை மட்டும். அவள் வயிறு ஓர் ஆலிலை. பிரளய வெள்ளத்தில் திருமால் வந்து படுத்த இலை.

அழகான உவமைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். குழந்தை எழுந்து போனபின் ஆலிலையை யார் தேடுகிறார்கள்?

தேவகியையும் கவிஞர் கூப்பிட்டுக்கொள்கிறார். முன்பு தேவகி வயிற்றில் பிறந்தவனே இப்போது இங்கே வந்து பிறந்தான் என்கிறார். கண்ணனை யார் பெற்றார், யார் வளர்த்தார் என்று கேட்ட சபைக்குத் தெரியும். எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்தத் தேவி ஏன் அப்படிச் சொன்னாள்?

பரணி அவள் பெயரைச் சொல்வதில்லை. ராஜேந்திரனுக்குத் தேவியர் பலர். அம்மங்கையைப் பெற்றவளோ, தாய் முறையில் நின்ற பட்டத்தரசியோ, அந்த அறையில் அவள்தான் வீட்டின் தலைவி. ஆனால் அவளுக்கு மகன்கள் பஞ்சம் கிடையாது. ராஜாதிராஜன் இளவரசுப் பட்டம் கட்டிப் பல வருஷமாயிற்று. அவனுக்குப் பின்னால் இரண்டாம் ராஜேந்திரன். அவனுக்கும் பின்னால் வீரராஜேந்திரன். மூன்று பேரும் சிங்கக்குட்டிகள். மூன்று பேர் வரிசையில் நிற்கும் வீட்டில் மகள் வயிற்றுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்க என்ன அவசியம்?

ஒரு பதில் லேசானது. அப்படி எதுவும் நடக்கவே இல்லை. பரணி பாடப்பட்டபோது அந்தக் குழந்தை அறுபதைத் தாண்டிய குலோத்துங்கச் சக்கரவர்த்தி. சோழ சிம்மாசனத்தில் வேங்கிக்காரன் எப்படி உட்கார்ந்தான் என்று ஊர் முணுமுணுத்தால் ஒரு பதில் வேண்டும். பாட்டியே தத்து எடுத்தாள் என்பதைவிட வாயடைக்கும் பதில் உண்டா? வரலாற்று அறிஞர்கள் பலர் இந்தச் சுவீகாரக் கதையைச் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

எனக்கும் சந்தேகம் உண்டு. சடங்கு செய்து, தத்து எடுத்து, பட்டோலை எழுதினார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு பாட்டி பேரனைத் தூக்கிவைத்துக்கொண்டு இவன் என் பிள்ளை என்று சொல்லியிருக்க மாட்டாள் என்றும் நம்பவில்லை. எந்தப் பாட்டிதான் சொல்லவில்லை? சாதாரண வீட்டில் அது கொஞ்சல். அரண்மனையில் அதே வார்த்தைக்குப் பின்னால் ஒரு சேனையே வந்து நிற்கும்.

மேலும், கிழவியின் கணக்கைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மகன்கள் மூன்று பேரும் வருஷம் முழுக்கப் போர்க்களத்தில். இலங்கையில் ஒருவன், துங்கபத்திரையில் ஒருவன். எந்தத் தூதன் எந்தச் சேதியோடு வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அவள் பயம் பொய்க்கவும் இல்லை. பின்னால் கொப்பத்துப் போரில் மூத்தவன் ராஜாதிராஜன் யானைமேலேயே உயிரை விட்டான். அவன் ரத்தம் காயுமுன் தம்பி களத்திலேயே முடி சூட்டிக்கொண்டான். அப்படிப்பட்ட வீட்டில் உபரியாக ஒரு பிள்ளை இருக்கட்டும் என்று அவள் நினைத்தால் தப்பு என்ன?

அம்மங்கையின் கணக்கு வேறு.

பிள்ளையை இங்கே விட்டால் உயிருக்குப் பயமில்லை. விஜயாதித்தன் கை இவ்வளவு தூரம் நீளாது. ஆனால் வேங்கி? தகப்பன் நாட்டில் வளராத பிள்ளையைத் தகப்பன் நாடு ஏற்குமா? கூட்டிக்கொண்டு போனால் வேங்கி அவன் கண்முன் இருக்கும். சித்தப்பனின் கத்தியும் கூடவே இருக்கும்.

விடுவதா? கூட்டிப்போவதா?

பிள்ளை சோழ அரண்மனையிலேயே வளர்ந்தான் என்று எழுதியவர்கள் உண்டு. வேங்கியில்தான் வளர்ந்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. நான் பார்ப்பது அம்மங்கை ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஒன்றை. பெயரை. தன் அப்பாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தபோதே தாய்வீட்டுக்குப் பாதி எழுதிக் கொடுத்துவிட்டாள். மாமியார் குந்தவையும் இதையேதான் செய்தாள். அவள் பிள்ளைக்கு அவள் அப்பா ராஜராஜனின் பெயர். வேங்கிக்குப் போன சோழப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தாய்வீட்டை நெஞ்சில் சுமந்தார்கள்.

தாய்வீடு அவர்களைச் சுமந்ததா?

இங்கேதான் கதை கசக்கிறது.

கங்கைகொண்டான் கண்மூடினான். தேவியரில் ஒருத்தி, வீரமாதேவி, கணவனோடு தீக்குள் இறங்கினாள். அவளோடு பிறந்தவன் அவள் நினைவாகப் பிரமதேசத்தில் தண்ணீர் தருமம் ஏற்படுத்தினான். கல்வெட்டு இருக்கிறது. உடன்பிறந்தவன் என்றால் அவன்!

அம்மங்கைக்கு வாய்த்த உடன்பிறந்தவன் கதையைக் கேளுங்கள்.

1061-ல் ராஜராஜ நரேந்திரன் போனான். இத்தனை வருஷம் காத்திருந்த விஜயாதித்தன் ஒரே தாவில் வேங்கிச் சிம்மாசனத்தில் ஏறினான். அம்மங்கையின் மகனுக்கு மீசை அரும்பும் வயது. நியாயமாகப் பட்டம் அவனுக்கு. சித்தப்பன் கொடுக்கவில்லை. பிள்ளை வடக்கே காட்டுக்குள் போனான். வயிராகரத்தில் யானை பிடித்தான். சக்கரக்கோட்டத்தில் தாராவர்ஷனிடம் திறை வாங்கினான். தன் கல்வெட்டில் அதையெல்லாம் பெருமையாகப் பொறித்துக்கொண்டவன் சித்தப்பனைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

தெற்கே அப்போது வீரராஜேந்திரன் அரசன். அம்மங்கையின் சகோதரன். பிள்ளைக்குத் தாய்மாமன். விஜயவாடையில் பெரும்போர் நடந்தது. சோழப்படை வென்றது. வேங்கி மாமன் காலடியில் விழுந்தது. இதோ நேரம் வந்துவிட்டது! உடன்பிறந்தாள் மகனைக் கூப்பிட்டு, இந்தா உன் அப்பன் நாடு என்று கொடுக்கவேண்டியதுதானே?

கொடுத்தான்.

விஜயாதித்தனுக்கு!

என் பாதத்தில் அடைக்கலம் புகுந்த விஜயாதித்தனுக்கு வேங்கியை அருளினேன் என்று மெய்க்கீர்த்தியிலேயே பொறித்துக்கொண்டான். அரசியலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். காலில் விழுந்து கிடப்பவன் சொன்ன பேச்சைக் கேட்பான். தாத்தா பெயரை வைத்துக்கொண்டு திரியும் மருமகன் நாளைக்கு எதைக் கேட்பானோ! அவன் மடியில் இன்னொரு சோழப் பெண் வேறு. இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை அவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தாய் வழியில் ஓர் உரிமை, மனைவி வழியில் இன்னோர் உரிமை. இப்படிப்பட்டவனுக்கு வேங்கியையும் கொடுத்தால் தன் மகன் அதிராஜேந்திரனின் கதி? வீரராஜேந்திரன் தகப்பனாக யோசித்தான். தாய்மாமன் செத்துப்போனான்.

பிற்காலத்தில் குலோத்துங்கனின் மகன்கள் வெளியிட்ட செப்பேடுகள் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கின்றன. எங்கள் அப்பாவுக்குச் சோழ நாட்டின் மேல்தான் ஆசை, ஆகவே வேங்கியைச் சித்தப்பாவுக்கு அவரே கொடுத்தார் என்று. பிடுங்கப்பட்டதைக் கொடுத்ததாகச் சொல்வது பெரிய குடும்பங்களின் பழக்கம். சொத்துத் தகராறு நடந்த எந்த வீட்டிலும் போய்க் கேளுங்கள்.

    

போகட்டும். விக்கிரமாதித்தன் வந்துவிட்டான். கோட்டைக் கதவைத் திறவுங்கள்!

அவன் தெற்கே வந்த கதையைச் சொல்பவன் காஷ்மீரத்துக் கவி பில்ஹணன். விக்கிரமாதித்தன் சோறு போட்ட புலவன். ஆகவே கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிடவேண்டும். அவன் சொல்வது இது. விக்கிரமாதித்தன் காஞ்சிக்குப் பாய்ந்தான். கலகக்காரர்களை அடக்கினான். அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம். எதிரிகளை விரட்டினான். மைத்துனனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தான். ஒரு மாதம் போலத் தங்கினான்.

ஏன் ஒரு மாதம்? மனைவிக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். வீரராஜேந்திரன் துங்கபத்திரைக் கரையில் பகைவனுக்குப் பெண் கொடுத்தானே, அந்தப் பெண். பில்ஹணனும் அவள் பெயரைச் சொல்வதில்லை. இந்தத் தொடர் முழுக்க இதே கதைதான். சிம்மாசனத்தில் இருப்பது அவள் உடன்பிறந்தவன். அவனைக் காப்பாற்றிக் கொடுப்பது கணவன் பொறுப்பு. வேங்கிக்குப் போன சோழப் பெண்ணின் மகன் ஒரு பக்கம். சாளுக்கியரின் கல்யாணிக்குப் போன சோழப் பெண்ணின் கணவன் மறுபக்கம். நடுவே மாளிகைமேட்டில் வீரராஜேந்திரன் மகன்.

ஊர் அடங்கியது போலத்தான் இருந்தது. கடைவீதி திறந்தது. பெருவுடையார் கோயிலில் மணி ஒழுங்காக அடித்தது. விக்கிரமாதித்தன் மைத்துனனிடம் விடைபெற்றுக்கொண்டு வடக்கே கிளம்பினான்.

துங்கபத்திரைக்குத் திரும்பினான். குதிரைகள் களைப்பாறின.

சில நாள்தான்.

தெற்கிலிருந்து தூதன் வந்தான்.

அதிராஜேந்திரன் உயிரோடு இல்லை. ஊரில் மறுபடி கலகம். மைத்துனன் அதில் மாண்டுபோனான். சிம்மாசனம் காலியாகவும் இல்லை. வேங்கியின் ராஜிகன் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

ராஜிகன் என்று பில்ஹணன் சொல்வது நம் பிள்ளையைத்தான். பூசத்தில் பிறந்த பிள்ளை. பாட்டி அங்கம் அங்கமாகப் பார்த்துத் தூக்கிய பிள்ளை. மாமன் வேங்கியைக் கொடுக்க மறுத்தான். மருமகன் மாமன் வீட்டையே எடுத்துக்கொண்டான்.

அதிராஜேந்திரனைக் கொன்றது யார்? ராஜிகன் கை அதில் இருந்ததா? பில்ஹணன் கலகத்தின் மேல் பழி போடுகிறான். ஜெயங்கொண்டார் இன்னும் சாமர்த்தியசாலி. அதிராஜேந்திரன் என்று ஒருவன் இருந்ததாகவே அவர் பாடலில் இல்லை. அரசன் இறந்தான், நாடு கெட்டது, வேள்வி நின்றது, கோயில்கள் பாழாயின, அபயனாகிய குலோத்துங்கன் வந்து காத்தான். அவ்வளவுதான். ஒரு மனிதனை இதைவிடச் சுத்தமாகக் கொல்ல முடியாது.

குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தி வேறொரு விதமாகக் கண் சிமிட்டுகிறது. பொன்னி நதியை ஆடையாக உடுத்த நிலமங்கை தனிமையில் வாடினாள், அந்தத் தனிமையைத் தீர்க்க வந்தேன் என்கிறது. படித்தபோது எனக்கு நிலமங்கையைவிடக் கோதாவரிக் கரைக்குப் போன மங்கைதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

அரண்மனைக்குள் இப்போது பட்டத்தரசி யார்? மதுராந்தகி. தான் விளையாடிய முற்றத்துக்கே மகாராணியாக வந்திருக்கிறாள். அவள் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் உட்கார்ந்த ஆசனத்தில் அவள் கணவன். சித்தப்பா மகன் செத்த வீட்டில் அவளுக்குப் பட்டாபிஷேகம்.

துங்கபத்திரைக்கு வாருங்கள்.

விக்கிரமாதித்தன் கொதித்தான். படை திரும்பட்டும் என்றான். ராஜிகனை அந்த ஆசனத்திலிருந்து இழுத்துப்போடாமல் விடுவதில்லை என்று மறுபடி தெற்கே கிளம்பினான். யானைகள் நகர்ந்தன. முரசு அதிர்ந்தது.

ராஜிகன் பேசாமல் உட்கார்ந்திருக்கவில்லை. சித்தப்பனிடமும் மாமனிடமும் படித்த பாடம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. பகைவனை வீழ்த்த வேண்டுமா? பகைவன் வீட்டுக்குள் ஆள் பிடி. ரகசியமாக ஒரு தூது கல்யாணிக்குப் போனது. விக்கிரமாதித்தன் யாரை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தானோ, அவனிடமே போனது. சொந்த அண்ணன் சோமேசுவரனிடம்.

அவன் சரி என்றான்.

முன்னால் ராஜிகன் படை. பின்னால் அண்ணன் படை. நடுவே விக்கிரமாதித்தன். எதிரியைக் கொல்ல அவன் கை கூசாது. அண்ணன் மேல் எப்படி வாள் ஓங்குவது? தூது அனுப்பினான். சமாதானம் பேசினான். பலிக்கவில்லை. பொழுது சாய்ந்தது. விடிந்தால் போர்.

அன்றிரவு அவனுக்கு ஒரு கனவு வந்தது என்கிறான் பில்ஹணன். வந்தவர் சிவபெருமான். முகத்தில் கோபம். அவர் சொன்னதைக் கேட்டு விக்கிரமாதித்தன் திடுக்கிட்டு எழுந்தான்.

என்ன சொன்னார்?

அடுத்த வாரம்!